கடைசி லயத்து டீ

டிச. 27, சனி

விடியறதுக்கு முன்னாடியே மழை. ஃபேக்டரி வருஷக் கடைசி லீவு, அதனால படுத்துக்கிட்டே கேட்டேன். துணி ஒன்னும் காயல. அப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கணும். பாத்ரூம் பல்ப் மாத்தணும் (போன வாரமும் இதையேதான் எழுதியிருக்கேன்).

பத்து மணி வாக்குல லெட்சுமி அக்கா போன். கோயில் சமையல் குழுவுக்கு அவங்கதான் எல்லாம். கூலாய் டவுன்ல ஆத்தோரக் குடியிருப்பு, தாமான் வீடுங்கள்ல தண்ணி ஏறிருச்சாம். ஜனங்களைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குக் கொண்டு வராங்க. "மகேஸ், நீ வந்து டீய மட்டும் பாத்துக்க லா. சோறு கறி நாங்க பாத்துக்கறோம்."

போனேன். பள்ளி கேண்டீன்ல பெரிய சட்டி, ரெண்டு அடுப்பு.

இஞ்சி, தோலோட தட்டி. ஏலக்காய், பட்டை, கிராம்பு. மிளகு கொஞ்சம் கூடவே. மழை நாள்ல தொண்டைல லேசா சுட்டாத்தான் டீ. தூள் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைக்கணும், இல்லன்னா கசக்கும். டின் பால் கடைசியில.

ஈரத் தலையோட வரிசையா வந்தாங்க. தலையணை, பிள்ளை, சாமி படம், ஒருத்தர் கையில ரைஸ் குக்கர். கப்பை வாங்கினதும் யாரும் உடனே குடிக்கல. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னாங்க. படகு ஓட்டிட்டு வந்த தீயணைப்புக்காரர், மலாய்க்காரர், ரெண்டு கப் வாங்கினார். "செடாப், காக்!" ருசியாம். சந்தோஷமா இருந்துச்சு.

எல்லாருக்கும் ஊத்தினப்புறம் எனக்கு ஒன்னு. பின்பக்கக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு. தகரக் கூரையில மழை கொட்டுது. ஆவி மூக்குக் கண்ணாடியில படிஞ்சு வெளிய ஒன்னும் தெரியல, துடைக்கவும் இல்ல. முதல் வாய்க்கு இஞ்சி. அப்புறம் பட்டையோட இனிப்பு. முழுங்கின பிறகு மெதுவா மிளகு. நெஞ்சு வரைக்கும் சூடு இறங்குது. இந்த வருஷம் பூரா எனக்கு இப்படி ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்கல.

அப்பதான் அந்தக் குரல். கவுண்டருக்கு அந்தப் பக்கம்.

"எனக்குச் சீனி கம்மியா போடச் சொல்லுங்க. இனிப்பு நீர் இருக்கு."

கப்பைக் கீழ வச்சேன். பாக்கவே வேணாம். சுரேனோட அம்மா.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்கு வந்தும் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதிட்டா நிக்குமான்னு பாப்போம்.

சுரேன் எங்க ஃபேக்டரியிலதான் இருந்தான். ரெண்டு வருஷப் பழக்கம். கல்யாணம்னு பேசி முடிவு பண்ணினோம். அவங்க வீட்ல அஞ்சு பேரா எங்க வீட்டுக்குப் பேச வந்தாங்க. அன்னிக்கும் மழை. நான் இதே டீதான் போட்டேன், நல்ல கப்புல, பூப்போட்டது. மாலை மாதிரி அடுக்கி வச்சேன் தட்டுல. முட்டாள்.

அந்தம்மா அப்பாவைக் கேட்டாங்க, "எந்த எஸ்டேட்ல இருந்தீங்க?" சொன்னார். "எந்த லயம்?"

அப்பாவுக்குப் பொய் வராது. "கடைசி லயம்மா."

தோட்டத்துல யாரை எந்த லயத்துல, எந்த வரிசை வீட்டுல வச்சாங்க, கடைசி லயம் யாருக்குன்னு அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தெரியும். சாதி என்னன்னு வாயைத் திறந்து கேக்க வேணாம். லயத்தைக் கேட்டாப் போதும். அப்பா அப்ப கவுன்சில்ல லோங்காங் வாரற வேலை. சாக்கடை வேலைதாம்மான்னு அதையும் அவரே சொன்னார்.

"நாங்க வெளிய எங்கயும் எதுவும் குடிக்கிறதில்லீங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா மழை விடற வரைக்கும் எங்க நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. டீ ஆறி ஏடு கட்டிருச்சு. சுரேன் தலை குனிஞ்சு போனையே பாத்துக்கிட்டு இருந்தான்.

அவங்க போனப்புறம் அப்பா ஒவ்வொரு கப்பா எடுத்துக் குடிச்சார். பச்சைத் தண்ணி மாதிரி ஆறினதை. அஞ்சையும். "நல்லாத்தான்மா இருக்கு"ன்னார். கடைசி கப் வரைக்கும் அதையேதான் சொன்னார்.

என்னை வேணாம்னு போனதை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். அப்பா அந்த அஞ்சு கப்பைக் குடிச்சாரே, அதை மறக்க மாட்டேன். அதுக்கப்புறம் பொண்ணு பாக்க யாரும் வேணாம்னுட்டேன்.

இன்னிக்கு அந்தம்மா குடிச்சது ரெண்டு கப். நான் மாஸ்க், தலைக்கு வலை, மூக்குக் கண்ணாடி. அடையாளம் தெரியல. அப்பாகிட்ட சொல்லல.

டிச. 28, ஞாயிறு

மழை. பெரிய ரோட்டுலயும் தண்ணியாம். அக்கா வேன் அனுப்பினாங்க, சுத்திச் சுத்திப் போச்சு.

சட்டியைக் கிண்டும்போது நினைச்சது, மறைக்காம எழுதறேன்:

உப்பை அள்ளிப் போடலாம். முடியாது, மத்தவங்களும் குடிக்கிற டீ.

அந்தம்மா கப்புல மட்டும் துப்பலாம். அப்பா வளத்த பொண்ணு செய்ய மாட்டா. ஆனா நினைச்சேன், நல்லாவே நினைச்சேன்.

சீனியைக் கூட்டி வைக்கலாம். ஆஸ்பத்திரி கேசாயிரும். வேணாம்.

மண்டபத்து மைக்ல சொல்லலாம். மைக் ரிப்பேர்.

கடைசியில தோணுச்சு, ஒன்னும் செய்ய வேணாம், குடிக்கட்டும். அந்தம்மா முழுங்கற ஒவ்வொரு வாயும் என் கணக்குல. ஊதி ஊதிக் குடிக்கறாங்க. உதட்டை நக்கிக்கறாங்க. கவுண்டருக்குப் பின்னாடி நின்னு நான் என் கப்பைக் குடிச்சுக்கிட்டே பாத்தேன். சினிமா பாக்கற மாதிரி.

காதுல விழுந்தது:

"யாரும்மா டீ போடறது? நல்ல கைமணம்."

லெ. அக்கா: "நம்ம பிள்ளைதான் ஆன்ட்டி."

அப்புறம் குரலை இறக்கி, "சமைக்கறவங்கல்லாம் யாரு ஆளுங்க?"

இத்தனை வருஷத்துக்கு அப்புறமும். வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணி, மேல போட்டிருக்கறது யாரோ குடுத்த சட்டை, படுத்திருக்கறது பள்ளிக்கூடப் பாய். இன்னும் யாரு ஆளுங்கன்னு கேள்வி.

லெ. அக்கா அசரல. "எல்லாம் கோயில் ஆளுங்க லா."

"கோயில்னா சரி." மூணாவது கப்.

சுரேனையும் பாத்தேன். தொப்பை. முன்னந்தலை காலி. மெத்தையைத் தூக்க முடியாம மூச்சு வாங்கறான். பொண்டாட்டி பேரு கவிதா, ஒல்லியா, பாதி வேலையை அவதான் செய்யறா. என்கிட்ட டீ வாங்கிட்டு "தேங்க்ஸ் அக்கா"ன்னான். அக்காவாம்.

டிச. 29, திங்கள்

மழை விட்டு விட்டு. இருமல் மருந்து வாங்கியாச்சு.

அப்பாவை மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கேஸ் சிலிண்டர் தோங் தூக்க ஆள் இல்லப்பான்னு பொய். யார் அங்க இருக்காங்கன்னு சொல்லல. அந்தம்மா நம்ம டீயைக் குடிக்கறதை அவர் கண்ணால பாக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுக்கு மேல நான் எதுவும் யோசிக்கல.

அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு வந்தார். தோங் ஏற்கனவே மாட்டியாச்சுன்னு பாத்ததும், சும்மா நிக்கப் பிடிக்காம டீ தட்டை எடுத்துக்கிட்டார். "நான் குடுக்கறேன்மா. முடியாதவங்க எந்திரிச்சு வர வேணாம்."

பாய் பாயாப் போனார். நான் கவுண்டர்ல, கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு.

அந்தம்மா பாய்கிட்ட வந்ததும் நின்னுட்டார். எனக்கு முதுகுதான் தெரியுது. தெரிஞ்சிருச்சுன்னு முதுகே சொல்லுச்சு. அந்தம்மா நிமிந்தே பாக்கல, கையை மட்டும் நீட்டினாங்க. அப்பா கப்பைக் குடுத்தார். குடுத்துட்டு அடுத்த பாய்க்குப் போகல. அங்கயே நின்னார்.

குடிச்சு முடிச்சாங்க.

"நல்லா இருக்காம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"இன்னொன்னு?"

வாங்கினாங்க. அதையும் குடிச்சாங்க. அப்பா காலிக் கப்பை வாங்கித் தட்டுல வச்சார். வச்சிட்டு, சோறு போடட்டுமான்னு கேக்கற அதே குரல்ல:

"நான் கோவிந்தன்மா. கடைசி லயத்துக் கோவிந்தன், லோங்காங் வாரினவன். டீ போட்டது எம்மக மகேஸ்வரி. அன்னிக்குக் குடிக்காமப் போயிட்டீங்க."

பக்கத்துப் பாய்க்காரங்க திரும்பினாங்க. அந்தம்மா கையைப் பாத்தாங்க. கீழ வைக்கறதுக்குக் கையில கப்பு இல்ல. கவிதா வாயைப் பொத்திக்கிட்டா, அழவா சிரிக்கவா தெரியல. சுரேன் எங்கயோ வெளிய.

அப்பா வந்து தட்டை என் முன்னாடி வச்சார். 

"சீனி சரியா இருக்காம்மா."

இத்தனை வருஷமா அவர் மறந்துட்டார், நான்தான் ஒத்தையா இதைக் கட்டிக்கிட்டு அழறேன்னு நினைச்சிருந்தேன். பக்கத்து ரூம்ல அவரும் அவரோட காயத்தை வச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கார்.

காலையில போட்டதுல ஒரு கப் மிச்சம் இருந்துச்சு. ஆறிருச்சு. சூடு பண்ணி ரெண்டு பேரும் பாதிப் பாதி குடிச்சோம். வேன்ல வரும்போது அப்பா விசிலடிச்சார். அவருக்கு விசிலடிக்க வரும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

டிச. 30, செவ்வாய்

நேத்தைவிட மோசமான மழை. காத்து வேற. மண்டபம் ஐஸ் பெட்டி.

அந்தம்மா டீ வாங்கல. காலையிலயும் இல்ல, மத்தியானமும் இல்ல. சுவத்தைப் பாத்து உக்காந்திருக்காங்க, துண்டைப் போத்திக்கிட்டு. கடைக்குப் போய்ப் பொட்டலக் காப்பித்தூள் வாங்கிட்டு வரச் சொல்லி சுரேன்கிட்ட சொன்னாங்க போல. கடைத்தெருவுல தண்ணி. வெறுங்கையோட வந்தான்.

நான் அடுப்பை அந்தப் பக்கத்து சன்னல்கிட்ட மாத்திப் போட்டேன். வேணும்னேதான். இஞ்சியையும் ஏலக்காயையும் கூட்டினேன். மூடியைத் திறந்து வச்சேன். வாசனை நேரா அந்தப் பாய்க்குப் போச்சு. அந்தம்மா ஒரு தடவை திரும்பினாங்க, ஒரே தடவை. எனக்கு அது போதும். இல்ல, போதாது. ஐயோ அலமாக், எனக்குள்ள இவ்வளவு இருக்கா?

கவிதா வந்தா. "அக்கா, ஒன்னு குடுங்க." வாங்கிட்டுப் பாய்க்குப் போகல. மாமியார் பாக்கற மாதிரி கவுண்டர்லயே சாஞ்சு நின்னு குடிச்சா.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல என் சமையலையும் தொடல, தெரியுமா அக்கா? எங்கம்மா வழி சரியில்லையாம். இவர் ஒரு வார்த்தை பேசல."

"இப்ப?"

"இப்ப அவங்களுக்குக் கை வலி. வேற வழி இல்லாம சாப்பிடறாங்க."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அவளைப் பிடிச்சுப் போச்சு, பிடிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

அப்புறம் சுரேன். மாஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் பேசினேன்.

"மகேஸ்... நீதான்னு தெரியாது. சாரி. அம்மாவுக்கு வயசாயிருச்சு, மனசுல வச்சுக்காத."

"எங்கப்பாவுக்கும்தான் வயசாயிருச்சு."

"அப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"கப்பு உன் முன்னாடிதான இருந்துச்சு? எடுத்துக் குடிச்சிருக்கலாம்ல?"

நின்னான்.  அவனுக்கு ஒரு கப் ஊத்தி நீட்டினேன். என் கண்ணு முன்னாடியே குடிக்க வச்சேன், கடைசிச் சொட்டு வரைக்கும். ரொம்பச் சூடு. கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. ஆற விடல நான்.

டிச. 31, புதன்

மத்தியானம் மூணு மணி இருக்கும், மழை உச்சத்துல. கரண்ட் போச்சு. மண்டபம் இருட்டு, கேண்டீன்ல அடுப்பு வெளிச்சம். டீக்கு வரிசை.

வரிசைக் கடைசியில அந்தம்மா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. இருமல். கையில சில்வர் டம்ளர், வீட்லேர்ந்து கொண்டு வந்தது. எங்க கப்பு வேணாமாம் போல.

லெ. அக்காவைப் பாத்து, "ஒரு டீ."

அக்கா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "டீ அவ பொறுப்பு ஆன்ட்டி. அவகிட்ட கேளுங்க." அக்காவுக்குக் கதை பூராவும் தெரியும், நேத்துச் சொல்லிட்டேன்.

என்கிட்ட திரும்பினாங்க. நான் சட்டிக்குள்ள கரண்டியை விட்டுட்டு, எடுக்காம நின்னேன்.

"யார் கையால போட்ட டீ வேணும் ஆன்ட்டி?"

வாய் அசைஞ்சுச்சு.

"மழை சத்தத்துல கேக்கல."

"உன் கையால."

"யார் மகள்னு சொல்லுங்க. இங்க நிறைய பேர் இருக்கோம்."

வரிசையில முன்னாடி வாங்கினவங்க யாரும் நகரல.  அந்தம்மா என்னைப் பாத்தாங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவையா நேரா என் முகத்தை. அன்னிக்கு எங்க வீட்லகூட என்னைப் பாக்கல.

"கோவிந்தன் மக கையால." இருமல். "போதுமா?"

ஊத்தினேன். சீனி கம்மியாத்தான். அது மட்டும் கை பழக்கம்.

அங்கயே நின்னு குடிச்சாங்க, உக்காரப் போற வரைக்கும்கூடப் பொறுக்கல. டம்ளர் சுட்டுச்சு, துண்டு முனையால பிடிச்சுக்கிட்டாங்க. முதல் வாய் இறங்கினதும் கண்ணை மூடிக்கிட்டாங்க. தோள் தளந்துச்சு. அவமானம் இருக்கும், அழுவாங்க, கை நடுங்கும்னு அந்த முகத்துல என்னென்னமோ தேடினேன். ஒன்னும் இல்ல. குளிருக்குச் சூடா ஒரு டீ கிடைச்ச சுகம், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பாத்துக்கிட்டே குடிக்கறாங்க, நான் குடிக்கற மாதிரியே.

பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. அதைப் பிடுங்கிக் கொட்டிரலாமான்னு இருந்துச்சு. நான் குடுத்த அடியை அந்தம்மா ருசிச்சுக் குடிக்கறாங்க.

எனக்கும் ஒரு கப் ஊத்திக்கிட்டேன். எதிர்ல நின்னேன். நடுவுல கவுண்டர். ரெண்டு பேரும் குடிச்சோம், ஒரே மழையைப் பாத்துக்கிட்டு. டீ நல்லா வந்திருந்துச்சு, அதைச் சொல்லணும். இந்த அஞ்சு நாள்ல போட்டதுலயே நல்ல டீ.

இது சமாதானம் இல்ல. இங்கயே எழுதி வைக்கறேன். பின்னாடி படிச்சிட்டு நானே அப்படி நினைச்சு ஏமாறக் கூடாது.

ஜன. 2, வெள்ளி

வெயில்! துணி காயுது. தண்ணி வடிஞ்சிருச்சாம், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பறாங்க. சட்டி கழுவி முடிக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு.

கவிதா வந்து கையைப் பிடிச்சா. போன் நம்பர் வாங்கிக்கிட்டா. சுரேன் தூரத்துலேர்ந்து தலையை ஆட்டினான். அந்தம்மா வண்டியில ஏறினாங்க, திரும்பல. ஏறறதுக்கு முன்னாடி லெ. அக்காகிட்ட என்னமோ கேட்டாங்க. அக்கா என்கிட்ட வந்து, "டீக்கு என்னென்ன போடறன்னு கேக்கறாங்க. தொண்டைல சுடுதே, அது என்னவாம்."

"கிராம்பு நிறையன்னு சொல்லுங்க."

"மிளகுதான லா?"

"கிராம்பு."

அக்கா சிரிச்சுக்கிட்டே போய்ச் சொன்னாங்க. கைப்பிடி கைப்பிடியா கிராம்பு போட்டு கசாயம் குடிக்கட்டும்.

"மன்னிச்சிட்டியா மகேஸ்?" அக்கா, வேன்ல.

"இல்ல."

"சரி." அதுக்கு மேல கேக்கல. அதனாலதான் அக்காவை எனக்குப் பிடிக்கும்.

ஜன. 4, ஞாயிறு

திரும்பவும் மழை, லேசா. நாளைக்கு ஃபேக்டரி. யூனிஃபார்ம் இஸ்திரி.

மீன் வாங்கப் போனேன். மீன்காரர் மனைவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏழு கப்பாமே! ஏழு கப் குடிச்சிட்டு உங்கப்பா கால்ல விழுந்துச்சாமே அந்தப் பொம்பளை?"

யார் சொன்னதுன்னு கேட்டேன். வேற யாரு. அப்பாதான், தினம் காலையில கோப்பிக் கடையில உக்காந்து. முதல் நாள் மூணு கப்பா இருந்திருக்கு. நேத்து அஞ்சு. கால்ல விழுந்தது இன்னிக்குப் புதுசு.

வீட்டுக்கு வந்து அவர்கிட்ட ஒன்னும் கேக்கல. மீன் கழுவினேன். டீ போட்டேன், ரெண்டு பேருக்கு மட்டும், சின்னச் சட்டியில. வாசக் கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்தோம். சாரல் கால்ல படுது. அப்பா கப்பை வயித்து மேல வச்சுக்கிட்டு, ரோட்டைப் பாத்தபடி:

"புதன்கிழமை உன்கிட்ட வந்து கேட்டுச்சே அந்தம்மா. நான்தான் இல்லாமப் போயிட்டேன். அப்ப கண்ணுல தண்ணி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுப்பா."

"நிறையவா?"

"நிறைய."